எரியாத வீட்டின் கூரை

மாப்ள,

இன்று உச்சிப்பொழுதில் எங்காத்தா கத்தரிக்காய் சுட்டுவிட்டாள். ஆனி பிறந்து மேல்காற்று கிளம்பிவிட்டால் காலைச் சமையலோடு அடுப்பை அணைத்துவிட வேண்டும், பொழுது சாய்ந்து காற்று தணிந்த பிறகுதான் மறுபடி மூட்ட வேண்டும் என்பது பஞ்சாயத்து போர்டு போட்ட கட்டளை. போட்டவர் எங்கய்யா. மீறியது அவர் வீட்டு அடுப்பு. தோல் கருகுகிற வாசனை தெருவில் இறங்கியதுதான் தாமதம், நாலு வீட்டுக்காரர்கள் பானையும் கூரை இழுக்கிற தொரட்டியுமாக எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். ஒருவர் எங்கள் ஓட்டின் மேல் தண்ணீரே ஊற்றிவிட்டார்.

"பிரசிண்டு வீட்டுலயே இப்பிடின்னா நாங்க எங்கன போயி முட்டிக்கிறது?" என்று கேட்டாள் உங்கள் பக்கத்து வீட்டுச் செல்லத்தாயி அக்கா.

"ஒரே ஒரு கத்திரிக்கா தாயி," என்றாள் எங்காத்தா.

"ஒரு தெருவுக்கு ஒரு கத்திரிக்கா போதும் மதினி."

நீ இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு மாதம் ஓட்டியிருப்பாய். கத்தரி வெயில் போனாலும் கத்தரிக்காய் விடவில்லை என்று தெருத்தெருவாகப் பாடியிருப்பாய். எனக்கும் அந்த வரி உடனே நாக்கு நுனிக்கு வந்தது. ஆனால் அந்த வாசனை மூக்கில் ஏறிய பிறகு வாய் திறக்கவில்லை. போன ஆடியில் நம் தெரு முழுக்க அடித்த வாசனை அது. நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். எங்காத்தா, "என்னலே, காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் என்ற சொல்லை இப்போது எங்கள் வீட்டில் யார் சொன்னாலும் எனக்கு உன் முகம்தான் வருகிறது.

உனக்குத் தெரியாததை எழுதப் போவதில்லை. தெரிந்ததையே எழுதுகிறேன். நேரில் இருந்தபோது நாம் இருவரும் எதையும் நேராகப் பேசியதில்லை. அதற்குப் பரிகாரமாக வைத்துக்கொள்.

உங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்த அந்தச் சாவடிக் கூட்டம் நினைவிருக்கிறதா? நாம் இரண்டு பேரும் தூணுக்குப் பின்னால் நின்று, தமுக்கு அடிக்கிறவரின் குச்சியை ஒளித்துவைத்துவிட்டு, அவர் கையாலேயே அடித்து ஊரைக் கூப்பிட்டதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். எங்கய்யா அன்று நிதானமாகத்தான் விளக்கினார். நம் தெரு மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. மேல்காற்றும் அதே வழிதான் வருகிறது. கூரைகள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்கின்றன. மேற்கே ஒரு பொறி விழுந்தால் பானைத் தண்ணீரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நெருப்பு வருவதற்கு முன்னால், அது வருகிற வழியில் இருக்கிற ஒரு கூரையைப் பிரித்துத் தள்ளி, செத்தை சருகு இல்லாமல் இழுத்துப் போட்டுவிட்டால், தாவ இடமில்லாமல் நின்றுவிடும்.

"எந்த வீட்டுக் கூரைய?" என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் அவரவர் கால் கட்டைவிரலைப் பார்த்தார்கள்.

உங்கள் வீட்டுக்கு மேற்கே ஊர்க்கிணறும் அதைச் சுற்றிய வெட்டவெளியும். அதோடு உங்கள் கூரையும் போனால் நெருப்பு தாண்ட முடியாத அகலம். சரியான கணக்குதான், மாப்ள. இதில் மட்டும் யாரும் சூது செய்யவில்லை. உங்கய்யா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"பிரிச்ச பெறகு?" என்றார்.

"ஊரே மேஞ்சு குடுக்கும். வீட்டுக்கு ஒரு கட்டு வைக்கோல். ஆளுக்கு ஒரு கை. ஒரே நாள்ல முடிச்சிரலாம்," என்றார் எங்கய்யா.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிராம முன்சீப்பும் தலையை ஆட்டினார். "ஊரு குடுக்கிற வாக்கு. நான் பொறுப்பு," என்றார்.

"ஊரு சொன்னாச் சரி," என்று உங்கய்யா உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு ஒத்திகை வைத்தார்களே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு முட்டுகிறது. எல்லோரும் தொரட்டியோடு உங்கள் வாசலுக்கு ஓடி வந்தபோது நீ முகட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாய். கழுத்தில் பூசணிப்பூ மாலை வேறு. "கூரைய எடுக்கிறதுன்னா மொதல்ல மாப்பிள்ளைக்குக் கோடி வேட்டி எடுக்கணும். எங்க சீரு?" என்றாய். முன்சீப்பே சிரித்துவிட்டார். "எறங்குலே, உன்னையச் சேத்துப் பிரிச்சிருவாக," என்று உங்காத்தா கீழேயிருந்து கத்தினாள். எங்கய்யா அன்று சாப்பிடும்போது, "அந்தப் பய இருக்கிற எடத்துல பயமே இருக்காது," என்றார். அதை உன்னிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் உன் தலைக்கனம் கூடிவிடும் என்று நினைத்தேன்.

போன ஆடியில் நெருப்பு வந்தது. நடுப்பகல். ஆண்களில் பாதிப் பேர் நடவு வயலில். தமுக்குச் சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது மேற்குக் கோடி கருஞ்சிவப்பாக இருந்தது, காற்று அதை அள்ளி அள்ளி வீசிக்கொண்டிருந்தது. உங்கள் வாசலில் தொரட்டிக்காரர்கள் வந்து நின்றார்கள். ஆனால் ஒருத்தர் கையும் மேலே போகவில்லை. ஒத்திகையில் ஓடி வந்தவர்கள்தான். எரியாத வீட்டை, உள்ளே உலைப்பானையும் பாயும் பெட்டியும் இருக்கிற வீட்டை, முதலில் இழுப்பது யார்?

நீ ஏறினாய். அன்று மாலை இல்லை. "விலகுங்க, கண்ணுல தூசி விழும்," என்று மட்டும் சொல்லிவிட்டு, முகட்டுக் கயிற்றை அறுத்து உன் வீட்டு வைக்கோலை நீயே உதைத்துத் தள்ளினாய். அதற்குப் பிறகுதான் தொரட்டிகள் எழுந்தன. நானும் கீழே நின்று இழுத்தேன். உங்காத்தா ஒவ்வொரு பாத்திரமாகக் கொண்டுவந்து செல்லத்தாயி அக்கா வாசலில் அடுக்கினாள். நெருப்பு கிணறு வரைக்கும் வந்தது. நின்றது. பொறிகள் உங்கள் மொட்டைச் சுவர்மேல் விழுந்து அணைந்தன. கிழக்கே ஒரு வீடும் போகவில்லை. கிழக்குக் கோடியில்தான் எங்கள் வீடு, எங்கள் தொழுவம். எதிரே முன்சீப் வீடு, அவர் களம்.

தாலுகாவிலிருந்து ஆபீசர் வந்தார். எரிந்த வீடுகளுக்கெல்லாம் மூங்கிலும் தென்னங்கிடுகும் சர்க்கார் கொடுக்கும் என்று ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், உங்கள் வாசலில் நின்று சுவரைத் தடவிப் பார்த்தார்.

"இது எரியலையே."

"எரியலைங்க. பிரிச்சது," என்றார் உங்கய்யா.

"யாரு பிரிச்சது?"

"நாங்கதாங்க."

"நீங்களே பிரிச்சுட்டு சர்க்காரைக் கேட்டா எப்படி? எரிஞ்ச வீட்டுக்குத்தான் ரூல்."

நீ என் காதில், "மாப்ள, ஒரு ஓரத்துல லேசாப் பத்த வச்சிருக்கணும்டா. ரூல் தெரியாம அணைச்சுப்புட்டோம்," என்றாய். நான் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். எங்கய்யா அதற்குள், "அது போர்டு பொறுப்புங்க, நாங்க மேஞ்சு குடுத்துருவோம்," என்றார். முன்சீப்பும் விடவில்லை. "ஊர்ப் பொறுப்புங்க, நான் பாத்துக்கிறேன்," என்றார். ஆபீசர் திருப்தியாக அடுத்த வாசலுக்குப் போனார். இரண்டு பேர் பொறுப்பேற்ற வீடு என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நம் ஊர்ப் பழக்கம் உனக்குத் தெரியாததா? ஊர்ப்பொது வேலை எதுவானாலும் முதல் கை ஒன்று படவேண்டும். தேர் வடத்தில் முதல் கை, மடை திறக்க முதல் மண்வெட்டி. அந்தக் கை படுவதற்கு முன்னால் வேறு யார் தொட்டாலும் முதல் கைக்கு உரிய வீட்டை அவமதித்ததாக ஆகிவிடும். தலைமுறையாக அது முன்சீப் வீட்டுக் கை. போர்டு வந்த பிறகு, தெருவிளக்கு ஏற்றியதும் கிணற்றுக்குச் சுவர் எடுத்ததும் எங்கய்யா கை. உங்கள் கூரைக்கு முதல் கட்டு எந்த வீட்டிலிருந்து போவது?

"போர்டு குடுத்த வாக்கு. போர்டு கட்டுதான் மொதல்ல போகணும். இன்னைக்கு விட்டுக்குடுத்தா நாளைக்கு போர்டே எதுக்குன்னு கேப்பாக," என்றார் எங்கய்யா.

"நேத்து வந்த போர்டுக்குப் பின்னால எங்க வீட்டுக் கட்டு போகுமா?" என்று முன்சீப் சொல்லியனுப்பினார்.

மற்றவர்கள் எல்லோரும் கட்டைத் தயாராகக் கட்டி வைத்துக்கொண்டு முதல் கட்டு போகட்டும் என்று காத்திருந்தார்கள். நாள் குறித்தார்கள், தள்ளிப் போட்டார்கள். எரிந்த வீடுகள் எல்லாம் சர்க்கார் கிடுகில் ஒவ்வொன்றாக எழுந்துவிட்டன. தெருவில் எரியாத ஒரே மொட்டை வீடு உங்களுடையது. ஒரு ஓரத்தில் பனையோலையைச் சாய்த்துக்கொண்டு அதற்குள் உங்காத்தா உலை வைத்தாள். "மாடு மேய்க்க ஆளிருக்கிற ஊருல வீடு மேய ஆளில்ல," என்று நீ சொன்னதை நான்தான் ஊர் முழுக்கப் பரப்பினேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

புரட்டாசி முடிகிற சமயம் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தாய். தொழுவத்துக்கு வெளியே உங்களுக்கென்று ஒதுக்கிய கட்டு சாய்ந்து கிடந்தது. அதைக் காலால் தட்டிப் பார்த்தாய்.

"சர்க்கார் எங்கயோ சீமையில ஒரு போர் நடத்துது. நம்ம ஊருல ரெண்டு. இங்கன ஒரு வைக்கப்போர், எதிர்த்தாப்புல ஒண்ணு," என்றாய்.

"ரெண்டுல எங்க போருதான் பெருசு," என்றேன்.

"பெருசுதான். அதான் நகர மாட்டேங்குது." குனிந்து கட்டின் ஒரு முனையைப் பிடித்துப் பார்த்தாய். பிறகு, "மாப்ள, நீ ஒரு பக்கம் தூக்கு, நான் ஒரு பக்கம் தூக்குறேன். போயிப் போட்டுருவோம். யாரு போட்டதுன்னு கேட்டா, நாய் இழுத்துட்டு வந்துச்சுன்னு சொல்லிக்கலாம்," என்றாய்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எந்த நாய், எங்கள் வீட்டு நாயா முன்சீப் வீட்டு நாயா, முதல் மரியாதை எந்த நாய்க்கு என்று கேட்டேன். உனக்கும் சிரிப்பு வந்தது.

"மழைக்கு இதெல்லாம் தெரியாதே மாப்ள," என்றாய்.

"எங்கய்யா விட்டுக்குடுக்க மாட்டாக. விட்டுக்குடுத்தா ஊரு சிரிக்கும்," என்றேன். அப்படித்தான் சொன்னேன். தலையை நிமிர்த்திக்கொண்டு வேறு சொன்னேன். என்னவோ கோட்டையைக் காவல் காக்கிறவன் மாதிரி.

நீ சரி என்று போய்விட்டாய். போகும்போதும் என்னவோ சொல்லிச் சிரிக்கவைத்தாய். அது என்னவென்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவில்லை.

ஐப்பசி மழை இந்தப் பள்ளத்தாக்கில் எப்படிப் பெய்யும் என்று உனக்கு எழுத வேண்டியதில்லை. தலை திறந்த மண்சுவர் எத்தனை நாள் தாங்கும்? மேற்குச் சுவர் இரவோடு இரவாகக் கரைந்து, விடிந்த பிறகு எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க மெதுவாக உட்கார்ந்தது. அதைத் தொடர்ந்து மற்றவையும். நீங்கள் சாவடியில் போய்ப் படுத்தீர்கள். வாக்குக் கொடுத்த அதே சாவடி. ஏலமலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணி அந்த வாரம்தான் வந்தான்.

நீங்கள் கிளம்புகிற அன்று காலையில் எங்கய்யா வந்தார். ஆள் விட்டு அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். முன்சீப்பும் அவர் கட்டோடு வந்திருந்தார். யாருடையது முதல் என்று அன்றைக்கு இருவருமே பேசவில்லை.

"போக வேணாம்யா. இன்னைக்கே மேஞ்சிருவோம்," என்றார் எங்கய்யா.

உங்கய்யா கோபப்படவே இல்லை. யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "செவரு இல்லையே பிரசிண்டய்யா. எதுமேல மேயுறது?"

எங்கய்யா தலை குனிந்ததை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். அந்தக் கட்டை அங்கேயே கிணற்றடியில் இறக்கிவிட்டு எல்லோரும் கலைந்தார்கள். யாரோ ஒருவருடைய மாடு அதைத் தின்றது.

நீ கரி போட்டு ஓடுகிற அந்த பஸ்ஸின் பின்னால் ஏறிக்கொண்டாய். "மலைமேல ஏற ஏற மேகத்துக்குள்ளயே வீடாம்டா. கூரையே வேணாம்," என்றாய். நான் கையை ஆட்டினேன். கூடலூர் தாண்டி குமுளி ஏற்றத்தில் பஸ் நின்றுவிட்டது, எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள், நீதான் தள்ளிக்கொண்டே பாட்டுப் பாடினாய் என்று பிறகு யாரோ வந்து சொன்னார்கள்.

மாசியில் ஏலக்காய் மூட்டை ஏற்றி வந்த வண்டிக்காரர் எங்கள் கடைவீதியில் இறங்கி உன் பேரைச் சொன்னார். குளிர்க்காய்ச்சல் கொண்டுபோய்விட்டது என்றார். மருந்து யுத்தத்துக்குப் போய்விட்டது, தோட்டத்துக்கு வந்து சேரவில்லை என்றார். உங்கய்யாவும் உங்காத்தாவும் அங்கேயேதான் இருக்கிறார்கள் என்றார். நான் வண்டிமாட்டின் கழுத்து மணியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்றுகூட நினைத்தேன். நீ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருப்பாய், இப்போது வண்டிக்குப் பின்னாலிருந்து குதிப்பாய் என்று. வண்டிக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

இன்று சாயங்காலம் மறுபடி சாவடியில் கூட்டம். காற்று கிளம்பிவிட்டதல்லவா. கத்தரிக்காய்க் கலவரம் வேறு நடந்திருக்கிறது. எங்கய்யாவும் முன்சீப்பும் ஒரே பெஞ்சில். இந்த வருடம் எந்தக் கூரை என்று எல்லோருக்கும் பயம். உங்களுக்குக் கிழக்கே செல்லத்தாயி அக்கா வீடு, அடுத்து அவள்தான் என்று அவளே முடிவு கட்டி, கேட்டால் என்ன பதில் சொல்வது என்று வாய்க்குள் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கய்யா எழுந்தார். "இந்த வருசம் யாரு கூரையையும் கேக்க வேண்டியதில்ல. கெணத்தடிக்குப் பக்கத்துல அங்கன வெறும் எடம் கெடக்கு. அதச் சுத்தமா வச்சுக்கிட்டாலே போதும், நெருப்பு தாண்டாது," என்றார்.

"பிரசிண்டு சொல்றது சரிதான். அங்கன ஒருத்தரும் செத்தை குமிக்கக் கூடாது, மாடு கட்டக் கூடாது. எப்பவும் வெறுசாவே கெடக்கட்டும்," என்றார் முன்சீப். வாக்குக் கொடுத்த நாளுக்குப் பிறகு இருவரும் ஒரே பேச்சில் ஒத்துப்போனதை ஊர் இன்றுதான் பார்த்தது. தலைகள் ஆடின. செல்லத்தாயி அக்கா பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அவளை நான் குறை சொல்ல மாட்டேன். வாக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவள் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தவள்.

நெருப்புக்கு ஊர் ஆயத்தமாகிவிட்டது, மாப்ள. நீங்கள் இல்லாததை வைத்து.

எனக்கு எப்படி எழுந்து நின்றேன் என்று தெரியவில்லை. "அது வெறும் எடம் இல்ல," என்றேன். "அது அவுக வீடு. மேஞ்சு குடுக்கிறதா சாவடியில சொன்னோம். மேயல. மொதல்ல மலைக்கு ஆள் அனுப்பி அவுகளக் கூப்பிட்டு, செவரெழுப்பி மேஞ்சு குடுப்போம். அதுக்கப்புறம் ஆயத்தத்தப் பத்திப் பேசலாம்."

முன்சீப்பின் உதட்டோரம் அசைந்தது. "சரிலே, மேல சொல்லு," என்றார்.

"பய பாட்டுக் கட்டிட்டு வந்திருக்கான் போல," என்று பின்னால் ஒருவர் சொன்னார். "அடுத்த வரி எங்கலே?"

எல்லோர் முகமும் என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கடைசியில் ஒரு வெடி வரும், சிரித்துவிடலாம் என்று பாதிச் சிரிப்பை முன்கூட்டியே வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நான், "அவ்வளவுதான்," என்றேன். அதுதான் வேடிக்கை என்று நினைத்துச் சிலர் சிரித்தும் விட்டார்கள். எங்கய்யா மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், "உக்காருலே," என்றார், மெதுவாக.

அடுத்த கூட்டத்திலும் இதையே சொல்வேன். அப்போதும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த முகங்கள் என்னை விடவில்லை. நல்ல முகங்கள், பிரியமான முகங்கள், ஒருத்தன் உள்ளதைச் சொல்வதைக் கேட்டுக்கொண்டே அடுத்த வரிக்காகக் காத்திருக்கிற முகங்கள். அன்று சாயங்காலம் தொழுவத்துக்கு வெளியே, நீ ஒரு பக்கம் தூக்கு என்று என்னிடம் கேட்டுவிட்டு நீ நிமிர்ந்து பார்த்தபோது, உனக்கு எதிரே இருந்த முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.